காது கேட்காத குழந்தைக்கு முதல் பரிசோதனையிலிருந்து வகுப்பறை வரை: வேலூர் மாவட்டப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு இரு காதுகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று உறுதியானபோது அவளுக்கு 2 வயது 4 மாதம். அதற்கு ஓராண்டுக்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்து ஒரு மருத்துவரிடம் கேட்டேன். "சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், 3 வயது வரை பாருங்கள்" என்றார். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். அந்த ஓராண்டை எங்களால் திரும்பப் பெற முடியவில்லை. அதன் பிறகு சான்றிதழ், கருவி, பயிற்சி, பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்ததில் இன்னும் சில மாதங்கள் போயின. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் கைக்குழந்தையோடு பேருந்து மாறி மாறிப் போய்வந்த அந்த நாட்களில் யாராவது வரிசைப்படுத்திச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் முடிந்த பிறகு ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். மொழி பதியும் வயது சான்றிதழுக்காகக் காத்திருக்காது.

1. சந்தேகம் வந்த வாரத்திலேயே பரிசோதனைக்குச் செல்லுங்கள்

பிறந்த 1 மாதத்துக்குள் முதல்நிலைக் கேட்புப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். இந்தக் காலக்கெடு தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை. ஆனால் தாண்டிய ஒவ்வொரு மாதத்தையும் பின்னால் பயிற்சியில் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, தாய்க்குக் கருவுற்ற காலத்தில் ருபெல்லா அம்மை கண்ட குழந்தை, நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தை, வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குக் காது கேட்காத குழந்தை ஆகியோருக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எங்கள் பக்கத்தில் மாமன் மகளை, அக்காள் மகளைக் கட்டுவது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதில் தாயைக் குற்றம் சொல்பவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். பரம்பரையாக வரும் காது கேளாமையில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் சேர்ந்து வருபவை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குழந்தையின் பின்னால் நின்று தட்டைத் தட்டினோம், திரும்பிப் பார்த்தாள், ஆகவே காது கேட்கிறது என்று நாங்களும் நம்பினோம். தரையில் பரவும் அதிர்வு, சுவரில் விழும் நிழல், காற்றின் அசைவு ஆகிய எதற்கும் குழந்தை திரும்பும். கனத்த ஓசை மட்டும் கேட்டு, பேச்சொலி கேட்காத குழந்தைகளும் உண்டு. வீட்டுச் சோதனையில் தேறிய குழந்தையையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

2. எங்கே போவது, என்ன பரிசோதனை

தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும் அரசுப் பள்ளிக்கு 1 முறையும் வரும். 2013ஆம் ஆண்டு முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதித்தரும் பரிந்துரைச் சீட்டோடு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சென்றால், குழந்தை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒவ்வொருவரையும் நீங்களே தேடி அலைய வேண்டியதில்லை. குழுவின் வருகை தள்ளி இருந்தால் காத்திருக்க வேண்டாம். அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு நேரடியாகவே போகலாம். அது வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது. புறநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள் என்பதால் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வருபவர்கள் விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பது நல்லது.

பரிசோதனைகள் பெரும்பாலும் இந்த வரிசையில் நடக்கும். முதலில் காதில் அழுக்கோ நீர்க்கோவையோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சளியால் நடுக்காதில் நீர் சேர்ந்து கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளுக்கு மருந்திலேயே சரியாகிவிடக்கூடும். அடுத்து, உட்செவி ஒலிக்கு மறுமொழி தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை. காதில் சிறு குமிழை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள், வலி இருக்காது. அதில் தேறாவிட்டால் பெரா பரிசோதனை. தலையில் ஒட்டும் கம்பிகள் மூலம், ஒலி நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறதா என்று அளப்பார்கள்.

பெரா பரிசோதனைக்குக் குழந்தை அசையாமல் உறங்க வேண்டும். எங்களுக்கு முதல் முறை வீணானது இதனால்தான். பேருந்திலேயே நன்றாக உறங்கிவிட்டு, பரிசோதனை அறையில் விழித்துக்கொண்டு அழுதாள். மறு தேதி கிடைக்கப் பல நாட்கள் ஆயின. முந்தைய இரவு தாமதமாக உறங்க வைத்து, அதிகாலையில் எழுப்பி, வழியில் உறங்கவிடாமல் அழைத்து வாருங்கள். துணைக்கு இன்னொருவர் இருந்தால் எளிது. உறக்க மருந்து தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே, மருத்துவர் முன்னிலையில் மட்டுமே கொடுக்க வேண்டும். அதற்கு முன் எவ்வளவு நேரம் பால், உணவு தரக்கூடாது என்பதை முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்வதே மேல்.

பரிசோதனை முடிந்ததும் அறிக்கையின் அசலைக் கேட்டு வாங்குங்கள். வலக்காது, இடக்காது இரண்டுக்கும் தனித்தனியாக டெசிபல் அளவு எழுதப்பட்டிருக்கிறதா, தேதியும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

3. ஆவணங்களைச் சரிசெய்தல்

தேவைப்படுபவை இவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்ட குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், அண்மையில் எடுத்த புகைப்படங்கள் 10, நீங்கள் மாற்றாமல் வைத்திருக்கும் ஒரே கைபேசி எண்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டுமே இருந்தால் முதலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பதிவு செய்ததிலிருந்து 1 ஆண்டு வரை இதற்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகை இல்லாமலே ஆதார் கிடைக்கும். பெற்றோரில் ஒருவர் உடன் செல்ல வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு கைமாறிச் செல்லும் என்பதால் பரிசோதனைக்குத் தேதி வாங்கிய நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்தப் படியில் எங்களை மிகவும் வாட்டியது பெயர். பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால், குடும்ப அட்டையில் முதலெழுத்தே இல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரிடத்தில் ஓர் எழுத்து கூடுதல். நம் கண்ணுக்கு ஒரே பெயர்தான். கணினிக்கு அது மூன்று குழந்தைகள். பிறப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்திய பிறகே எந்த விண்ணப்பத்தையும் தொடங்குங்கள்.

மற்றொன்று முகவரி. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் இராணிப்பேட்டை மாவட்டம். பழைய ஆதாரில் வேலூர் என்றே இருப்பதால் பலர் அதையே தேர்வுசெய்துவிடுகிறார்கள். விண்ணப்பம் தவறான மாவட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும்.

4. மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும்

இரண்டுக்கும் ஒன்றிய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் ஒரே விண்ணப்பம் போதும். விண்ணப்பத்துக்கோ அட்டைக்கோ அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. நீங்களே செய்ய இயலாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். சான்றிதழையே வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகி வந்துவிடுங்கள். பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மருத்துவமனை குறிக்கும் நாளில் குழந்தையையும் பெரா அறிக்கையின் அசலையும் கொண்டு செல்லுங்கள். நகல் மட்டும் கொண்டுபோனால் திரும்பி வர நேரிடலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் அது வகைப்படுத்துகிறது. சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காலவரையறை உள்ள தற்காலிகச் சான்றிதழே தருவார்கள். அதன் முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்து, 3 மாதம் முன்னதாகவே புதுப்பிக்க முயலுங்கள். பள்ளிச் சேர்க்கைக்குப் போய் நிற்கும்போதுதான் சான்றிதழ் காலாவதியானதைக் கவனித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

5. கருவியா, அறுவை சிகிச்சையா

இதை மருத்துவரும் ஆடியாலஜிஸ்ட் எனும் கேட்பியல் வல்லுநரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள். செவித்துணைக் கருவியால் போதிய பயன் கிடைத்தால் அதுவே போதும். மிகக் கடுமையான குறைபாட்டில் கருவியை முறையாகப் பயன்படுத்திப் பார்த்தும் பலன் இல்லையென்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட் எனும் உட்செவிக் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்துவார்கள்.

கருவி இலவசமாகத் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, கேட்பியல் அறிக்கை, ஆதார், புகைப்படங்களோடு மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை தோறும் சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாளில் அந்த ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்து மனு அளிக்கலாம்.

உட்செவிக் கருவி அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்தின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இல்லையென்றால் காப்பீட்டில் சேர்வது சிக்கலாகும். 3ஆம் படியை இதற்கு முன்பே வைத்ததன் காரணம் இதுவே. திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. உங்கள் குழந்தைக்கு எந்த மருத்துவமனையில் இந்தக் காப்பீடு செல்லும் என்பதை அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வயது வரம்பு நெருங்கும்போது தொடங்கினால் ஸ்கேன், தடுப்பூசி, முன் அனுமதி என்று வரிசையாக வரும் வேலைகளுக்கு நாட்கள் போதாமல் போய்விடும்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே குழந்தை பேசத் தொடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அதன் பிறகு குறைந்தது ஓராண்டு விடாமல் பேச்சுப் பயிற்சிக்கு வர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்தப் பயிற்சி நாட்களின் பேருந்துச் செலவும் வேலை இழப்பும்தான் பெரிய சுமை. அதை முன்கூட்டியே கணக்கிட்டு, தாத்தா, பாட்டி, சித்தி என்று யார் எந்த நாளில் அழைத்துச் செல்வது என்று பகிர்ந்துகொள்ளுங்கள்.

6. கருவியைக் காதில் நிலைக்கச் செய்தல்

கருவி கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மகள் அதை நாளுக்கு 10 முறை பிடுங்கி எறிந்தாள். அதட்டினோம், கையைப் பிடித்து வைத்தோம், ஒருமுறை அடித்தும் விட்டேன். மூன்றாம் வாரம் பயிற்சியாளர் காதைப் பார்த்துவிட்டு, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர் மோல்டின் விளிம்பு உரசி உள்ளே புண்ணாகி இருப்பதைக் காட்டினார். அவள் வலிக்கிறது என்றுதான் அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள், சொல் இல்லாமல். அவளைப் பேசவைக்க ஊர் ஊராக அலைந்த நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. கருவியை மாட்டும் முன் அவளுக்குக் காட்டுவோம், காதைத் தொட்டு "வலிக்கிறதா?" என்று முகத்தாலும் கையாலும் கேட்போம். அவள் தலையசைத்தால் அன்று அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம். இயர் மோல்டுக்கு எந்த நிறம் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். அடர்ந்த சிவப்பு. தலைமுடியை விட்டு மறைக்க வேண்டும் என்று உறவினர்கள் சொன்ன அந்தக் கருவியை அவள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. குழந்தை வளர வளரக் காதும் வளர்வதால் சிறு வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய இயர் மோல்டு தேவைப்படும். கருவியிலிருந்து விசில் போன்ற சத்தம் வந்தால் மோல்டு தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் பொருள். எங்கள் ஊர் வெயிலில் வியர்வை கருவிக்குள் இறங்கிவிடும். இரவில் கருவியின் செல்லை (பேட்டரியை) எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட டப்பாவில் கருவியை வையுங்கள். செல்லின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் அதன் ஆற்றல் குறையத் தொடங்கும் என்பதால் மாற்றும் நேரத்தில் மட்டும் உரியுங்கள். தீர்ந்த செல்லைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எண்ணி வாங்கி, எண்ணி அப்புறப்படுத்துங்கள்.

சைகை செய்தால் பேச்சு வராது என்று சொல்லிக் குழந்தையின் கையைக் கட்டிப்போடச் சொல்பவர்களும் உண்டு. அதைக் கேட்காதீர்கள். பேச்சு வரும்வரை தன் பசியை, வலியை, பயத்தைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி வேண்டும்.

7. பள்ளியில் சேர்த்தல்

40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் தருமாறு கேளுங்கள். பல நேரங்களில் அந்தக் கோரிக்கையே போதுமானதாக இருக்கும். போதாவிட்டால் 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணில் சொல்லுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சேர்க்கைக்கு முன்பே அவர்களைச் சந்தித்து, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு எந்த நாட்களில் வருவார்கள் என்று கேளுங்கள்.

வகுப்பாசிரியருக்கு நான் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தவை இவை. மகளை முன்வரிசையில், மின்விசிறிக்கும் சாலைப் பக்க சன்னலுக்கும் தள்ளி உட்கார வையுங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். பின்னாலிருந்து ஒரு மாணவர் கேள்வி கேட்டால் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். அந்த ஆசிரியை அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பொதுத் தேர்வில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உள்ளன. அவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் 9ஆம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசத் தொடங்குங்கள்.

8. பிள்ளையின் சொல்லுக்கு இடம் கொடுத்தல்

இதைத் தனிப் படியாக எழுதினாலும் மேலே உள்ள ஒவ்வொரு படியிலும் இது இருக்க வேண்டும். மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தங்கள் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உரிமை உண்டு என்றும், வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியை அதற்குத் தர வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் இதையே கூறுகிறது.

நடைமுறையில் இதற்குப் பணம் தேவையில்லை, நேரம்தான் தேவை. மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசும்போது, "ஐயா, அவளிடமும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் படம் வரைந்து காட்டுங்கள். விருந்தினர் கேட்கும் கேள்விக்குக் குழந்தைக்குப் பதிலாக நீங்கள் விடை சொல்லாமல் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். எனக்கு இது மிகவும் கடினமாக இருந்தது. இரண்டாம் வகுப்பில் தன் இடத்தை மாற்ற வேண்டும் என்று மகள் ஒரு தாளில் வகுப்பறையை வரைந்து ஆசிரியையிடம் கொடுத்தாள். நாங்கள் கேட்டு வாங்கிய முன்வரிசை இடத்தில் அவளுக்குத் தோழிகளின் வாய் அசைவு தெரியவில்லையாம். முன்வரிசையின் ஓரத்தில் சற்றே திரும்பி உட்கார்ந்தால் ஆசிரியையும் தெரிவார், வகுப்பும் தெரியும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள்.

பேச்சு தெளிவில்லாத பிள்ளை வெளியே சொல்ல மாட்டாள் என்று எண்ணித் தீங்கு செய்பவர்களும் இருக்கிறார்கள். உடல் உறுப்புகளின் பெயரையும், "வேண்டாம்" என்பதையும், நடந்ததைக் காட்டும் சைகையையும் மற்ற சொற்களுக்கு முன்பே கற்றுக்கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

9. கோப்பும் நாட்காட்டியும்

ஒரே கோப்பில் அசல்கள் ஓர் உறையிலும், 5 செட் நகல்கள் மற்றோர் உறையிலும் இருக்கட்டும். ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை: அடுத்த கேட்புப் பரிசோதனை, தற்காலிகச் சான்றிதழின் முடிவுத் தேதி, 5 வயதில் ஆதாருக்குக் கைரேகையும் கருவிழியும் பதியும் நாள் (5 முதல் 7 வயதுக்குள் இதற்குக் கட்டணம் இல்லை), காப்பீட்டு வயது வரம்பு, இயர் மோல்டு மாற்றிய நாள், செல் மாற்றிய நாள். கடைசி இரண்டையும் எங்கள் வீட்டில் இப்போது மகளே சிவப்புப் பேனாவால் குறித்து வைக்கிறாள்.